வெப்சைட் அக்ஸஸிபிலிட்டி படிக்க எந்த கோர்ஸ்? மதுரையில் இருந்துகொண்டே முடியுமா?

கேள்வி கேட்ட தம்பியின் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.சி.ஏ. முடித்துவிட்டு மதுரை கே.கே. நகரில் ஒரு சின்ன வெப் டிசைன் கம்பெனியில் இரண்டு வருடமாக வேலை. புது கிளையண்ட் ஒருவர், "சைட்டை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிய வேண்டும், டபிள்யூ.சி.ஏ.ஜி. இரட்டை ஏ" என்று மெயிலில் எழுதிவிட்டார் (டபிள்யூ.சி.ஏ.ஜி. என்பது இதற்கான உலகளாவிய விதித்தொகுப்பு, இரட்டை ஏ அதில் ஒரு நிலை). ஆபீஸில் ஒருவருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நெட்டில் தேடினால் இலவசத்தில் ஆரம்பித்து பல ஆயிரம் ரூபாய் வரைக்கும் கோர்ஸ் வருகிறது. எதை எடுப்பது, மதுரையிலேயே எங்காவது சொல்லித் தருவார்களா, சர்ட்டிபிகேட்டுக்கு மதிப்பு உண்டா? கேள்வி இவ்வளவுதான்.

முதலில், இப்போதைக்கு யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். நான் கட்டி ஏமாந்தவன் என்பதால் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சனி ஞாயிறு பயிற்சிக்குப் பன்னிரண்டாயிரம் கட்டிப் போய் உட்கார்ந்தேன். ஏ.சி. ஹால், மதியம் நல்ல சாப்பாடு, இரண்டு நாளும் ஸ்லைடு மேல் ஸ்லைடு, விதிகளின் எண்களை வரிசையாக வாசித்தார்கள், ஆனால் அந்த இரண்டு நாளில் ஒரு தடவைகூட ஒரு ஸ்க்ரீன் ரீடரை, அதாவது திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துச் சொல்லும் மென்பொருளை, திறந்து காட்டவில்லை. நீச்சல் சொல்லித் தருகிறேன் என்று கூட்டிப்போய்த் தெப்பக்குளத்தின் படியிலேயே உட்கார வைத்து அனுப்பிய மாதிரி. சர்ட்டிபிகேட்டை அம்மா ஃபிரேம் போட்டு ஷோகேஸில் வைத்திருக்கிறார், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பன்னிரண்டாயிரம்தான் ஞாபகத்துக்கு வரும்.

நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது வேறு இடத்தில். அந்தப் பயிற்சி முடிந்த கையோடு ஒரு சுங்குடிச் சேலைக் கடைக்கு சைட் செய்து கொடுத்தேன், பெருமையாக இருந்தது. எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார், வங்கி ஊழியர், பிறவியிலேயே பார்வை கிடையாது. அவர் தன் மனைவிக்குத் தீபாவளிச் சேலை எடுக்க வேண்டும் என்றார், நானும் "நம்ம சைட்லயே எடுங்கண்ணே" என்று அவர் லேப்டாப்பைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்க்ரீன் ரீடர் பேச ஆரம்பித்தது: "கிராஃபிக், ஐ.எம்.ஜி. அண்டர்ஸ்கோர் 0045. கிராஃபிக், ஐ.எம்.ஜி. அண்டர்ஸ்கோர் 0046." நாற்பது சேலையும் இப்படியே. ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்வோம் என்று உள்ளே போனால், 'கூடையில் சேர்' என்ற பட்டனை டேப் விசை தாண்டித் தாண்டிப் போகிறது, ஏனென்றால் அது பட்டனே இல்லை, நான் டிவ் என்ற ஒரு வெறும் பெட்டிக்குக் கலர் அடித்து மவுஸ் கிளிக்கை மட்டும் கட்டி வைத்திருந்தேன். கால்மணி நேரம் பொறுமையாகத் தேடிவிட்டு அண்ணன் சொன்னார்: "என்ன தம்பி, கடைக்குள்ள விட்டுட்டு கல்லாவ ஒளிச்சு வச்சுட்டீகளே."

இத்தனைக்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஆல்ட் டெக்ஸ்ட், அதாவது படத்தைச் சொல்லில் விவரிக்கும் வரி, வேண்டும் என்பதும், எல்லாமே கீபோர்டில் இயங்க வேண்டும் என்பதும் அந்த ஸ்லைடுகளில் இருந்தவைதான், நானும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். காதில் விழுந்த பிறகுதான் உறைத்தது. அதனால் எந்த கோர்ஸ் என்ற கேள்விக்கு முன்னால் உங்களுக்கு ஒரு வேலை.

என்.வி.டி.ஏ. என்ற ஸ்க்ரீன் ரீடரை இறக்கிக்கொள்ளுங்கள். முழுக்க இலவசம், விண்டோஸில் ஓடும், 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் ஆரம்பித்தது, பின்னால் ஜேம்ஸ் டே சேர்ந்தார், இருவருமே பார்வையற்றவர்கள். முதல் நாள் அதைக்கூட ஓட்ட வேண்டாம், மவுஸை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு உங்கள் ஆபீஸ் சைட்டை டேப், ஷிஃப்ட் டேப், என்டர், ஸ்பேஸ் இவற்றை மட்டும் வைத்துச் சுற்றி வாருங்கள். இப்போது எதன்மேல் நிற்கிறோம் என்றே தெரியவில்லையா? யாரோ ஒரு புண்ணியவான் அழகு கெடுகிறது என்று நிற்கும் இடத்தைச் சுற்றிக் காட்டும் அவுட்லைனை சி.எஸ்.எஸ்.ஸில் எடுத்துவிட்டிருப்பார். இரண்டாம் நாள் என்.வி.டி.ஏ.வை ஓட விடுங்கள். எச் விசையைத் தட்டினால் தலைப்பு தலைப்பாகத் தாவும், இன்சர்ட்டையும் எஃப்7-ஐயும் சேர்த்து அழுத்தினால் பக்கத்தில் உள்ள லிங்க், தலைப்பு எல்லாம் பட்டியலாக வந்து நிற்கும், அந்தப் பட்டியலில் 'மேலும் படிக்க, மேலும் படிக்க, மேலும் படிக்க' என்று பதினெட்டு லிங்க் இருந்தால் எது எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும், சொல்லுங்கள். பேச்சு வேகமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், ஸ்பீச் வியூவர் என்று ஒன்று உண்டு, பேசுவதையெல்லாம் எழுத்தில் காட்டும். எங்கள் அண்ணன் கேட்கிற வேகம், மாட்டுத்தாவணியில் கண்டக்டர் "மேலூர் கொட்டாம்பட்டி துவரங்குறிச்சி விராலிமலை திருச்சி" என்று ஒரே மூச்சில் சொல்வாரே, அதைவிட வேகம், நமக்கு அது வரவே வராது, வரவும் தேவையில்லை. கொஞ்சம் பழகியதும் ஸ்க்ரீன் கர்ட்டன் போட்டுத் திரையை முழுசாக இருட்டாக்கிவிட்டு ஒரு ஃபார்மை நிரப்பிப் பாருங்கள். ஒரு வாரம் இது போதும்.

அப்புறம் கோர்ஸ். முதலில் டபிள்யூ3சி நடத்துவதையே எடுங்கள், அந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. விதிகளை எழுதியவர்களே சொல்லித் தருவது. எட்எக்ஸ் என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் 2020-இல் வந்தது, ஆரம்பத்தில் 'வெப் அக்ஸஸிபிலிட்டி அறிமுகம்' என்ற பெயர். வாரம் நான்கைந்து மணி நேரம் ஒதுக்கினால் நான்கு வாரத்தில் முடிக்கலாம். ஆடிட் முறையில் சேர்ந்தால் காசு இல்லை, சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, ஆனால் வீடியோவுக்கு சப்டைட்டில் உண்டு, நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம். அதில் எனக்குப் பிடித்தது, விதியில் ஆரம்பிக்காமல் ஆளில் ஆரம்பிக்கிறார்கள். கை நடுங்குபவர், காது கேளாதவர், சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர், படிப்பதில் சிரமம் உள்ளவர் எல்லாம் எப்படி ஒரு பக்கத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று. நம்மூரில் அக்ஸஸிபிலிட்டி என்றாலே பார்வையற்றோர் மட்டும் என்று நினைத்துவிடுகிறோம், நானே இதுவரை அவர்களைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருக்கிறேன். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களைப் பட்டியலிடுகிறது, பழைய 1995 சட்டத்தில் ஏழுதான் இருந்தது.

கோடு எழுதுகிற ஆள் நீங்கள், அதனால் அடுத்தது கூகுளின் வெப்.டெவ் தளத்தில் உள்ள 'லேர்ன் அக்ஸஸிபிலிட்டி'. இலவசம், வீடியோ இல்லை, வாசிப்புதான், கோடோடு காட்டுவார்கள். உடாசிட்டியில் கூகுள் ஆட்களின் பழைய இலவச கோர்ஸ் ஒன்று உண்டு, எடுத்துக்காட்டுகள் பழசானாலும் ஃபோகஸ் எப்படி நகர்கிறது, ஸ்க்ரீன் ரீடருக்கு இது இன்னது என்று சொல்லும் அரியா குறிப்புகள் எப்போது வேண்டும் எப்போது வேண்டாம் என்ற விளக்கம் இன்னும் கெட்டுப்போகவில்லை. அரியாவில் மட்டும் ஜாக்கிரதை. உண்மையான பட்டன் டேகைப் போட்டால் கீபோர்டும் பெயரும் தானாக வந்துவிடும், டிவ்வுக்கு அரியா ஒட்டினால் 'பட்டன்' என்று வாயால் சொல்லுமே தவிர கீபோர்டில் அழுத்தினால் வேலை செய்யாது, மிச்சத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். மைக்ரோசாஃப்டின் லேர்ன் தளத்தில் இருப்பது சில மணி நேரச் சமாச்சாரம், உங்கள் மேனேஜரைப் பார்க்கச் சொல்லுங்கள், உங்களுக்கு வேண்டாம்.

அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் 'டிரஸ்டட் டெஸ்டர்' பயிற்சி வேறு ரகம். காசு வாங்காமல் நடத்தியது, ஒரு பக்கத்தை எந்த வரிசையில், எந்தக் கருவியால், எப்படிச் சோதிப்பது என்று பரோட்டாவுக்கு மாவு பிசையச் சொல்லித் தருவதுபோலப் படிப்படியாகப் போகும், கடைசித் தேர்வில் 90 மதிப்பெண் எடுத்தால்தான் பாஸ். டெஸ்டிங் பக்கம் போக நினைத்தால் இதைவிடக் கடுமையான பயிற்சி எனக்குத் தெரிந்து இலவசமாக இல்லை. இப்போது பதிவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் பார்ப்பது டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.0 விதிகள் வரைதான், அது 2008-இல் வந்தது, அதற்குப் பிறகு 2018-இல் 2.1, 2023 அக்டோபரில் 2.2 வந்துவிட்டது, அந்த இடைவெளியை நீங்களே படித்து நிரப்பிக்கொள்ள வேண்டும். காசு கொடுத்துப் படிப்பது என்றால் டெக்யூ யுனிவர்சிட்டிதான் நான் கை காட்டுவது, வருடச் சந்தா, பாடம் ஆழமாக இருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கு அதை இலவசமாகவே கொடுக்கிறார்கள், உங்களுக்குத் தெரிந்த யாராவது கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தால் முதலில் அவர் காதில் இதைப் போடுங்கள்.

வேறு ஏதாவது லோக்கல் கோர்ஸ் கண்ணில் பட்டால் சேருவதற்கு முன் போன் போட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: சொல்லித் தருபவர்களில் மாற்றுத்திறனாளி யாராவது இருக்கிறாரா, நான் செய்த பக்கத்தை யாராவது பார்த்துத் திருத்தித் தருவார்களா. இரண்டுக்கும் இல்லை என்றால் அந்தக் காசுக்கு ஜிகர்தண்டா குடிக்கலாம். இன்னொன்று, 'இந்த ஒரு வரி ஸ்கிரிப்டைப் போடுங்கள், ஏ.ஐ. உங்கள் சைட்டை மொத்தமாகச் சரிசெய்துவிடும்' என்று விற்பவர்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். அப்படி விளம்பரம் செய்த ஒரு கம்பெனிமேல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. 2025-இல் பத்து லட்சம் டாலர் தண்டம் போட்டது. லைட்ஹவுஸ் என்ற தானியங்கிச் சோதனைக் கருவியில் நூற்றுக்கு நூறு வந்துவிட்டது என்று ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் கிளையண்டுக்கு அனுப்புவதும் இதே கதைதான். ஆல்ட் இருக்கிறதா என்று கருவி பார்க்கும், அதில் 'சேலை சேலை சேலை' என்று எழுதியிருந்தாலும் பச்சை டிக் போட்டுவிடும்.

கருவி கண்டுபிடிக்கக்கூடியதையே நாம் சரிசெய்வதில்லை என்பது வேறு விஷயம். வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு வருடா வருடம் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது, 2025-இல் அதில் 94.8 சதவீதத்தில் பிழை. பெரும்பாலும் அதே ஆறு பிழைகள்தான்: மங்கலான எழுத்து, ஆல்ட் இல்லாத படம், லேபிள் இல்லாத ஃபார்ம், காலி லிங்க், காலி பட்டன், பக்கத்தின் மொழியைக் குறிப்பிடாதது. மங்கல் எவ்வளவு நுணுக்கமானது என்றால், சாதாரண எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் நடுவே வெளிச்ச வித்தியாசம் 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் வேண்டும், வெள்ளையின் மேல் #777777 என்ற சாம்பல் 4.48 வந்து ஃபெயில், #767676 போட்டால் 4.54 வந்து பாஸ். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் கலருக்குக் கண்ணை நம்பாதீர்கள், கணக்குப் போடும் கருவியை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எந்த கோர்ஸும் சொல்லித் தராத பகுதி, தமிழ். இதுதான் உங்களைப் போல இங்கே இருந்து படிக்கிறவர்களுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்த ஆறாவது பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக்காரன் செய்த டெம்ப்ளேட்டை எடுத்து உள்ளே தமிழைக் கொட்டுகிறோம், மேலே எச்.டி.எம்.எல். டேகில் மொழி 'இ.என்.' என்றே கிடக்கும். ஸ்க்ரீன் ரீடர் அதை நம்பி ஆங்கிலக் குரலை எடுக்கும், அந்தக் குரல் தமிழைப் பார்த்து ஒன்று வாயடைத்துப் போகும், இல்லை எழுத்து எழுத்தாக உளறும். 'டி.ஏ.' என்று இரண்டே எழுத்து மாற்றினால், தமிழ்க் குரல் இருக்கிற மெஷினில் கணீரென்று தமிழில் படிக்கும், என்.வி.டி.ஏ.வோடு வரும் ஈஸ்பீக்கிலேயே தமிழ் உண்டு, குரல் ரோபோ மாதிரி இருக்கும், ஆனால் புரியும். தமிழ்ப் பக்கத்தின் நடுவில் ஒரு பத்தி ஆங்கிலம் வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் தனியாக 'இ.என்.' போட வேண்டும், இரட்டை ஏ கேட்பவர்கள் இதையும் பார்ப்பார்கள்.

அடுத்தது ஃபான்ட். யூனிகோடுக்கு முந்தைய பாமினி மாதிரி ஃபான்டில் அடித்த பக்கங்களும் பி.டி.எஃப்.களும் இன்னும் எவ்வளவோ உலவுகின்றன. பாமினியில் 'மதுரை' என்று திரையில் தெரிவது உள்ளுக்குள் என்ன தெரியுமா? கே, ஜே, ஐ, யூ என்ற நான்கு ஆங்கில எழுத்து. கண்ணுக்கு மதுரை, காதுக்கு 'கேஜேஐயூ'. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, இருந்தும் ஜெராக்ஸ் கடையிலும் டைப்பிங் சென்டரிலும் பழக்கம் போகவில்லை, அங்கே அடித்த கோப்புதான் அப்படியே சைட்டில் ஏறுகிறது. கிளையண்ட் தமிழில் மேட்டர் கொடுத்தால் முதல் வேலையாக அதை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், தமிழாகத் தெரிந்தால் சரி, ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தால் கன்வெர்ட்டரில் போட்டு மாற்றிவிட்டு ஒற்றெழுத்தெல்லாம் ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்த்துத் திருத்துங்கள்.

மூன்றாவது, தமிழ்ச் சொல்லின் நீளம். பார்வை மங்கியவர்கள் பக்கத்தை 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்ப்பார்கள், 1280 பிக்சல் அகலத் திரை அப்போது 320 பிக்சலுக்குச் சமம், அந்த அகலத்திலும் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிய வேண்டும் என்பது விதி. ஆங்கிலத்தில் 'லாகின்' என்று அடங்குகிற பட்டனில் 'உள்நுழைக' என்றால்கூட அடங்கும், 'கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?' என்று போட்டால் பட்டனைப் பிய்த்துக்கொண்டு வெளியே நிற்கும். அகலத்தைப் பிக்சலில் பூட்டி வைக்காதீர்கள்.

சர்ட்டிபிகேட் விஷயத்துக்கு வருகிறேன். உலக அளவில் மதிப்பு உள்ளது ஐ.ஏ.ஏ.பி. என்ற சர்வதேச அக்ஸஸிபிலிட்டி வல்லுநர் அமைப்பின் தேர்வுகள். சி.பி.ஏ.சி.சி. என்பது பொதுவானது, 100 கேள்வி, இரண்டு மணி நேரம், கோடு கிடையாது. டபிள்யூ.ஏ.எஸ். என்பது நம்மைப் போன்ற வெப் ஆட்களுக்கு, 75 கேள்வி. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும், கட்டணம் டாலரில். இந்தியாவில் இதற்குத் திடீர் கிராக்கி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆசிட் வீச்சில் முகம் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணால் வங்கியின் ஆன்லைன் கே.ஒய்.சி.யில் கேமரா முன்னால் கண்ணைச் சிமிட்ட முடியவில்லை, அந்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் வாழும் உரிமையில் அடக்கம் என்று தீர்ப்பளித்தது. அதே வருடம் ஜூலை கடைசியில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி தன் கட்டுப்பாட்டில் உள்ள புரோக்கர், மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனிகள் எல்லாம் ஐ.ஏ.ஏ.பி. சான்று பெற்றவர்களை வைத்துத் தணிக்கை செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. ஐரோப்பாவிலும் 2025 ஜூன் 28 முதல் அக்ஸஸிபிலிட்டி சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. உங்கள் கிளையண்ட் திடீரென்று மெயில் போட்டதற்குப் பின்னால் இதில் ஏதோ ஒன்று இருக்கும், எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், வேலையின் அளவு அதைப் பொறுத்தது. தேர்வை ஒரு வருடம் கழித்து எழுதலாம், காசை ஆபீஸைக் கட்டச் சொல்லுங்கள்.

மதுரையிலேயே எங்காவது? இதற்கென்று நான் நம்பிச் சொல்லக்கூடிய வகுப்பு இங்கே கிடையாது, ஆனால் வகுப்பைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. சுந்தரராஜன்பட்டியில் இந்தியப் பார்வையற்றோர் சங்கம், 1985-இல் எஸ்.எம்.ஏ. ஜின்னா தொடங்கியது, அவரும் பார்வையற்றவரே. அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள், தேர்வு எழுத ஸ்க்ரைப் வேண்டும், புத்தகம் வாசித்து ரெக்கார்டு செய்ய ஆள் வேண்டும் என்று எப்போதும் தேவை இருக்கும், அதைச் செய்து பழகுங்கள். போன முதல் நாளே லேப்டாப்பை நீட்டி "என் சைட்டைக் கொஞ்சம் டெஸ்ட் பண்ணிக் குடுங்க" என்று நிற்காதீர்கள். டெஸ்டிங் என்பது வேலை, பெங்களூரிலும் சென்னையிலும் பார்வையற்றவர்கள் அதைச் சம்பளத்துக்குச் செய்கிறார்கள், நீங்கள் கேட்டால் மணிக் கணக்குக்குக் காசு கொடுங்கள், கிளையண்டின் கொட்டேஷனிலேயே அதை ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். நான் சேர்க்கிறேன், இதுவரை ஒரு கிளையண்ட்தான் முணுமுணுத்தார்.

அந்தச் சுங்குடிக் கடையை விட்டுவிட்டேனே. டிவ்வை எடுத்துவிட்டு நிஜ பட்டன் வைத்தேன், அது பத்து நிமிட வேலை. ஆல்ட் டெக்ஸ்ட்தான் இரண்டு நாள் இழுத்தது. பார்வை இல்லாதவருக்குக் கலர் எதற்கு என்று கடைக்காரர் கேட்டார், அவர் கட்டப் போகிறாரா, மனைவிக்குத்தானே எடுக்கிறார் என்றேன். அப்புறம் அவரே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சேலையாகச் சொல்ல நான் அடித்தேன்: அரக்கு நிறம், உடல் முழுக்க வெள்ளைப் பொட்டு, மாம்பழ மஞ்சள் பார்டர். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் அண்ணன் யார் உதவியும் இல்லாமல் ஒன்றை ஆர்டர் போட்டார். பார்சல் வந்த அன்று சாயங்காலம் அண்ணி வாசலில் நின்று கூப்பிட்டார். "தம்பி, இது அரக்கா? கத்தரிப்பூ கலர்ப்பா இது. எந்தக் கண்ணால பாத்து எழுதுன?"